ராணி சட்டை உரித்த ஜெபக்கூட்டம்

வாழ்க சுந்தர்ராஜ்! சித்தூர்க் கல்லூரியின் விலங்கியல் கூடத்துச் சாவிக்கொத்தை இடையிலே தாங்கிய அட்டெண்டர் திலகம். ராமகுப்பத்துப் பாறையடியில் கைப்பற்றிய, உள்ளங்கை அகலமும் மயிரடர்ந்த கால்கள் எட்டும் வாய்ந்த ராணி என்னும் சிலந்திப் பேரரசிக்கு தன் வீட்டு மிட்டாய் ஜாடியிலே அரண்மனை சமைத்து, வாரந்தவறாது கரப்பான்பூச்சித் திறை செலுத்திய கொடைவள்ளல் வாழ்க!

எழுபத்தெட்டாம் ஆண்டு, இருபது நாள் உண்ணா நோன்பிருந்த ராணி, ஒரு சனிக்கிழமை மாலை மல்லாந்து கிடந்தாள். தோல் உரிக்கும் வேளை அது. ஜாடியை அசைத்தாலும் அவள் உயிருக்கு ஆபத்து என்பதை அவ்வீட்டில் அறிந்தவன் அவன் ஒருவனே. தின்னாது விட்ட பூச்சி அவள் மென்மேனியைக் கடித்துவிடுமென்று அதையும் முன்பே அப்புறப்படுத்தியிருந்தான்.

அப்போது எழுந்தாள் அவன் மனையாள் ஞானசௌந்தரி, விளக்குமாறு ஏந்திய வீரத்திருமகள்!

"செத்துப் பூட்ச்சுங்க அது! வீட்டு ஜெபத்துக்கு ஐயர் வர்ற நேரத்துல பொணத்த வச்சிக்கினு இருக்கீங்களே!"

"சாவல சௌந்தரி! சட்டை உரிக்குது. தொட்டாதான் சாவும்!"

வாசலில் போதகரையரும் அவர் பின்னே சபையாரும் வரும் செருப்போசை கேட்டது. "ஆமென் சொல்ற வரைக்குந்தான். அப்புறம் குப்பைக்குத்தான்!" என்று சபதமுரைத்து அவள் பாயில் அமர்ந்தாள்.

ஜெபம் முடியாமல் யாரும் எழக்கூடாது என்பது சபை வழக்கம். அந்த ஒரே கேடயத்தை ஏந்தினான் சுந்தர்ராஜ். "ஜெப விண்ணப்பம் எதுனா இருக்குதா?" என்று ஐயர் கேட்டதுதான் தாமதம், சூளூர்பேட்டை அத்தையின் முழங்கால், தடாவிலிருக்கும் மச்சானுக்கு வராத டிரான்ஸ்பர், எதிர்வீட்டு ஜெயகுமாரியின் டைப்ரைட்டிங் பரீட்சை, பெய்யாத மழை, கறக்காத மாடு என விண்ணப்பக் கணைகளை அவன் மாரியெனப் பொழிய, அத்தனைக்கும் ஐயர் தனித்தனியே உருகி மன்றாட, நான்கு முறை நெருங்கி வந்த ஆமென்னை, "இன்னும் ஒண்ணு இருக்குதுங்க ஐயரே!" என்று நான்கு முறையும் புறமுதுகிடச் செய்தான். ஒற்றைக்கண் திறந்து ஜாடியையும் பார்த்துக்கொண்டான். தோல் வெடித்தது. ஒரு கால் வந்தது. பிறகு மூன்று. எட்டாவது காலும் வெளிவந்த பின்னரே வாய் மூடினான்.

"ஆமென்!"

பாய்ந்தோடிய ஞானசௌந்தரி ஜாடிமுன் திகைத்து நின்றாள்.

"ஐயய்யோ, ரெண்டு இருக்குது! இன்னொண்ண எப்போ கொண்டாந்தீங்க?"

"ஒண்ணு ராணி. இன்னொண்ணு அவ கழட்டிப் போட்ட சட்டை!" என்று மகிழ்ச்சி தாளாமல் முழங்கினான் மாவீரன். சபை முழுதும் திரண்டு வந்து ஜாடியைச் சூழ்ந்து வியந்தது.

ஐயருக்குக் கடைசி பஸ் போய்விட்டதால், அந்த ஜாடிக்குப் பக்கத்திலேயே அவருக்குப் பாய் போட்டார்கள்.