ஒன்பதுக்கும் தடையில்லாச் சான்று

நடனம் என்பது கை, கால், முகம் ஆகிய மூன்றும் உரிய அனுமதியுடன் அசைவது. இந்த விளக்கம் எந்தப் பழைய நூலிலும் இல்லை. நகரமன்ற அரங்கின் கண்காணிப்பாளர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காதைக் குடைந்துகொண்டே அருளியது. அதைக் கேட்கும் பாக்கியம் பெற்றவர் சலங்கை டீச்சர்.

டீச்சருக்கு நாற்பத்தேழு வயது. ஆறு வயதில் கட்டிய சலங்கையைக் குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றியவர் என்று தெருவில் சொல்வார்கள். இத்தனை வருஷம் தரையை மிதித்ததற்குத் தரை ஒன்றும் சொல்லவில்லை, முட்டிதான் பேச ஆரம்பித்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முழு நிகழ்ச்சி இன்னும் ஒண்ணு தாங்கும்."

"ஒண்ணுதானா டாக்டர்?"

"ஒண்ணுதான். அதுவும் ஆறு மாசத்துக்குள்ள. அப்புறம் மாடிப்படிக்கே கைப்பிடி வேணும்."

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டி ஜதி சொல்லும் தங்கையைக் கூப்பிட்டார். அந்த ஒன்றை ஊரிலேயே நல்ல மரத்தரை உள்ள நகரமன்ற அரங்கில், இரண்டு மணி நேரம், ஒரு அடவு குறைக்காமல் ஆடிவிடுவது என்று முடிவாயிற்று. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவரும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

விண்ணப்பம் பதினாறு பக்கம். மேடைக்குக் கொண்டுவரும் பொருட்கள் என்ற இடத்தில் 'சலங்கை, ஒரு ஜோடி' என்று எழுதினார். பதினான்காவது இனத்தில் இப்படிக் கேட்டிருந்தார்கள்: 'மேடையில் வெளிப்படுத்த உத்தேசித்துள்ள உணர்ச்சிகள் (எண்ணிக்கையில்).' வேறு யாராக இருந்தாலும் இதென்ன கூத்து என்று விழித்திருப்பார்கள். டீச்சரோ படித்த பாடத்திலிருந்தே கேள்வி வந்த பிள்ளை மாதிரி பூரித்துப்போய் 'ஒன்பது' என்று எழுதினார். இடம் மிச்சமிருந்ததால் ஒன்பதின் பெயர்களையும் வரிசையாகப் போட்டுவைத்தார்.

கண்காணிப்பாளர் காதைக் குடைவதை நிறுத்தினார்.

"ஒன்பதா?"

"ஆமா சார். நவரசம்."

"எத்தனை பேர் ஆடுறீங்க?"

"நான் ஒருத்திதான்."

"ஒரே மூஞ்சில ஒன்பதா? அம்மா, போன மாசம் இங்க ஒரு மாநாடு நடந்துச்சு. எண்ணூறு பேரு. மொத்தமே ஒரு உணர்ச்சிதான். அதுவும் சாப்பாட்டு நேரத்துல."

"அதிகம்னா குறைச்சு எழுதித் தரட்டுமா?"

"அடித்தல் திருத்தல் இருந்தா விண்ணப்பம் செல்லாது. புது விண்ணப்பம் ஆறு மாசம் கழிச்சுத்தான். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஒவ்வொரு உணர்ச்சிக்கும் அந்தந்தத் துறையிலேர்ந்து தடையில்லாச் சான்று வாங்கிட்டு வந்துடுங்க. அவ்ளோதான்."

அக்காவும் தங்கையும் கிளம்பினார்கள்.

காதலுக்குத் திருமணப் பதிவு அலுவலகம். யார் மீது காதல் என்று கேட்டார்கள். பாட்டில் வரும் தலைவன் மீது என்றார் டீச்சர். தலைவன் அசல் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்றார்கள். மறுநாள் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, 'தலைவன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். இவர்தான் தலைவனா என்று பதிவாளர் இரண்டு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார்.

சிரிப்புக்கு ஒலி மாசுக் கட்டுப்பாட்டுப் பிரிவு.

"எங்க சிரிப்புல சத்தமே வராது சார். முகத்துல மட்டும்தான்."

"அதுதாம்மா ஆபத்து. சத்தமில்லாம சிரிச்சா ஒவ்வொருத்தனும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாங்கன்னு நினைச்சுக்குவான்."

சோகம் குடிநீர் வாரியத்துக்குப் போனது. கண்ணீர் எத்தனை லிட்டர், மேல்நிலைத் தொட்டியிலிருந்தா, ஆழ்துளையிலிருந்தா என்று கேட்டார்கள். கோபத்துக்குக் காவல் நிலையம். கோபம் அசுரன் மீது என்றதும், அசுரன் தரப்பிலிருந்து பின்னால் புகார் ஏதும் வராது என்று இரண்டு சாட்சிகளோடு எழுதி வாங்கினார்கள். பயத்துக்குத் தீயணைப்பு நிலையத்தில் செய்துகாட்டச் சொன்னார்கள். டீச்சர் கண்ணை ஒரு விரிப்பு விரித்தார். மூன்று வீரர்கள் கம்பத்தில் சறுக்கி இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் திரும்பி வந்து கையெழுத்துப் போட ஒரு வாரம் ஆயிற்று.

அருவருப்புதான் அதிகம் படுத்தியது. சுகாதார அதிகாரி, "இந்த ஊர்ல அருவருப்புப்படுறதுக்கு எதுவுமே கிடையாதே. எதைப் பார்த்து வரும்?" என்றார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்தார். அங்கே துறையின் குப்பை லாரி நின்றிருந்தது. "முன்கூட்டியே தயார் பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்று அதிகாரி கோபித்துக்கொண்டாலும், நடிப்பு உண்மைக்குப் புறம்பானது என்ற குறிப்போடு சான்று கொடுத்தார்.

வீரமும் வியப்பும் ஒருவழியாக வந்து சேர்ந்தன. ஐந்து மாதம் ஓடிவிட்டது. முட்டியில் வீக்கம். பாக்கி இருந்தது சாந்தம் மட்டும்.

சாந்தத்துக்கு எந்தத் துறை என்று யாருக்கும் தெரியவில்லை. கோப்பு நான்கு கட்டிடங்களுக்குப் போய், 'எம் வரம்பில் அப்படியொன்று இல்லை' என்ற குறிப்போடு நான்கு முறை திரும்பியது. கடைசியில் கண்காணிப்பாளரே இறங்கி வந்தார்.

"சரி, நீங்க செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டு நானே முடிவு பண்றேன்."

டீச்சர் நிமிர்ந்து நின்றார். மூச்சை இழுத்துவிட்டார். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது கோபம்."

"இல்லடீ, இரு." மறுபடி முயன்றார்.

"இப்ப அருவருப்பு."

டீச்சருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. நாற்பது வருஷமாகக் கூப்பிட்டபோதெல்லாம் வந்து நின்ற சாந்தம் அந்த மேஜைக்கு எதிரே வர மறுத்தது.

கண்காணிப்பாளர் பதினாறாம் பக்கத்தைப் புரட்டினார். "ஒரு வழி இருக்கு. உணர்ச்சித் துறப்பு உறுதிமொழி. மேடையில முகத்துல எதுவும் வராதுன்னு எழுதிக் கொடுத்துட்டா ஒரு சான்றும் வேணாம்."

"இதை ஏன் சார் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையேம்மா."

இருந்தது மூன்று வாரம். டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

நிகழ்ச்சி அன்று மாலை அரங்கில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். முதல் வரிசையில் கண்காணிப்பாளர். அவர் பக்கத்தில் தொலைநோக்கியோடு முக ஆய்வாளர். தங்கை தாளத்தைத் தட்டினாள். டீச்சர் ஆடினார். முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. புருவம்கூட அசையவில்லை. ஆனால் கைக்கும் காலுக்கும் யாரும் உறுதிமொழி வாங்கியிருக்கவில்லையே!

திருடன் ஒருவன் வழி தவறித் தன் வீட்டுக்குள்ளேயே ஏறிக் குதிக்கும் பகுதி வந்தது. அசையாத அந்த முகத்தோடு அவன் தன் பெட்டியைத் தானே உடைத்ததும் அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அசுரன் வந்தபோது பல பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். கடைசியில், வீட்டை விட்டுப் போகும் மகளுக்குத் தாய் தலை பின்னும் பாட்டு. பின்னி முடிந்தது. விரல்கள் மட்டும் கூந்தல் நுனியை விடவில்லை. அவ்வளவுதான், கண்காணிப்பாளர் வாய்விட்டு ஓவென்று அழுதார். ஆய்வாளர் தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்று முனகினார்.

ஆடி முடித்ததும் அரங்கில் சத்தமே இல்லாத ஒரு நிமிஷம் இருந்தது. எந்தத் துறையிலும் கிடைக்காத அந்த ஒன்பதாவது, அங்கே தானாக வந்து உட்கார்ந்தது. முட்டியும் தாங்கிவிட்டது. டீச்சருக்கு இனிமேல் யாரிடமும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் நாகரிகம் தன் கடமையைச் செய்தது. 'முகம் துறந்த புதுமை' என்று பத்திரிகை விமர்சகர் எழுதினார். பக்கத்துத் தெரு நடனப் பள்ளியில் 'இங்கு முகம் அசைக்கப்படமாட்டாது' என்று பலகை ஏறியது. சிரிக்கிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள்.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. ஆய்வாளரின் அறிக்கை தெளிவாக இருந்தது: மேடையில் உணர்ச்சி பூஜ்யம், அரங்கினுள் உணர்ச்சி ஒன்பது. ஆகவே பார்வையாளர்கள்தான் அவற்றை அனுமதியின்றி உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும், தாளம் தட்டிய தங்கைக்கும் விளக்கம் கேட்டுப் படிவம் போனது.

பதினைந்து நாள் கழித்து டீச்சருக்கு அழைப்பு வந்தது. முட்டியில் கட்டோடு, தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு போனார். கண்காணிப்பாளர் கடிதத்தை வாசித்தார்.

"பார்வையாளர் அனைவரும் தாங்கள் எதையும் உணரவில்லை என எழுத்துமூலம் உறுதி செய்துள்ளபடியால், மேற்படி நிகழ்ச்சி கலை என்னும் இனத்திலிருந்து நீக்கப்பட்டு உடற்பயிற்சி என்னும் இனத்தில் பதியப்படுகிறது."

"எல்லாருமா? நான் பார்க்கலாமா?"

கண்காணிப்பாளர் படிவக் கட்டை எதிரே தள்ளிவைத்தார். டீச்சர் புரட்டினார். இல்லை. இல்லை. இல்லை. விமர்சகர், இல்லை. எலும்பு டாக்டர், இல்லை. முதல் வரிசையில் ஓவென்று அழுதவர், இல்லை.

"சார், நீங்க அழுதீங்களே?"

"தூசும்மா. அரங்கத்துல பெருக்குறதே இல்ல."

அடுத்த தாளில் தங்கையின் கையெழுத்து. அதற்கடுத்ததில் கணவருடையது.

"ஏண்டீ, நீ அழுதியா இல்லையா?"

"தாளம் தப்புற அளவுக்கு அழுதேன்கா. ஆனா ஆமான்னு எழுதினா ஒன்பது ஆபீஸ் ஏறணுமே. அத்தான்தான் சொன்னார், நமக்கெதுக்கு வம்புன்னு."

இருந்த ஒரே ஒன்றையும் ஆடித் தீர்த்தாயிற்று. அதைப் பார்த்ததாக ஒப்புக்கொள்ள உலகத்தில் ஒரு ஆள் இல்லை. அந்தத் தாள்களைக் கிழித்து எறியலாமா என்று கை பரபரத்தது.

கண்காணிப்பாளர் ஒப்புகைச் சீட்டை நீட்டினார். "கடிதம் வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து. கீழே ஒரு இனம் இருக்கு, அதையும் நிரப்பிடுங்க."

'இக்கடிதத்தால் தங்களுக்கு ஏற்பட்ட உணர்ச்சி' என்று கேட்டிருந்தது.

டீச்சர் பேனாவை வாங்கினார். வெளியே மாடிப்படி முப்பத்திரண்டு. முட்டி விண் விண் என்று தெறித்தது. தங்கை காதருகே குனிந்து, "வேணாம்கா" என்றாள்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.