எங்கெங்கே வலிக்கிறது?

"வாயைத் திறக்கக் கூடாது சார். நீங்க நினைவு தப்பிக் கிடக்கறீங்க" என்று எச்சரித்துவிட்டு, வார்டன் ரெமிஜியஸ் ஸ்ட்ரெச்சரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இறக்கி வைத்தார். அடுத்த 'காயம்பட்டவரை' அள்ளிவர லாரியோடு கிளம்பியும் போய்விட்டார். காலை மணி ஏழரை.

அறுபத்திரண்டாம் வருஷம். எல்லையில் சண்டை. குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று ஆஸ்டின் டவுனில் வார்டன்கள் நடத்தும் ஒத்திகை. ஆபீசுக்கு ஒருவர் அடிபட்டவராகப் படுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, வீட்டில் ஏன் என்று கேட்க ஆள் இல்லாதவர் என்பதால் எல்லாரும் ஹெட்கிளார்க் கஸ்தூரிரங்கனைக் கைகாட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால், 'ஒத்திகை' என்று எழுதி அவர் சட்டையில் குத்தியிருந்த சீட்டு வழியிலேயே காற்றில் பறந்துவிட்டது.

கேஷுவாலிட்டியிலிருந்து ஒரு நர்ஸ் ஓடி வந்தார். மௌரீன் என்று பெயர். நாற்பதைத் தாண்டியவர், வெள்ளைத் தொப்பிக்குக் கீழே காதோரம் நரை. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

கஸ்தூரிரங்கன் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மனைவி ராஜலக்ஷ்மி போய் ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் அவரைத் தொட்ட மனிதர் என்றால் முடிவெட்டுகிறவர் ஒருவர்தான். அந்த விரல்களின் சூடு மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஏறியது.

"வலிக்குதா?"

இல்லை என்றால் கையை எடுத்துவிடுவார். கஸ்தூரிரங்கன் தலையாட்டினார்.

"எங்க?"

காலைக் காட்டினார். இரண்டு பலகைகள் வந்தன. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டியாயிற்று. வேலை முடிந்து மௌரீன் எழுந்திருக்கப் பார்த்தார். கஸ்தூரிரங்கன் அவசரமாகத் தோளைக் காட்டினார். தோளும் கையுமாகக் கட்டுக்குள் போயிற்று.

அப்போது பார்த்து மூக்கு அரித்தது. ஒரு கை கட்டுக்குள். இன்னொன்று மௌரீனின் கைக்குள். அதை இழுத்துக்கொள்ள மனம் வரவில்லை. மூக்கைச் சுளித்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"அடடா, தலையிலயுமா?"

தலைக்கும் நாலு சுற்று விழுந்தது.

"இனி டாக்டர் வந்து காலை இழுத்து எலும்பைச் சேர்க்கணும். அப்புறம் ஆறு வாரம் மாவுக்கட்டு."

கஸ்தூரிரங்கனுக்கு வியர்த்துவிட்டது. "சிஸ்டர்! எனக்கு ஒண்ணுமே இல்லை. நான் ஒத்திகைக்கு வந்தவன்!"

மௌரீன் பரிவோடு நெற்றியைத் தடவினார். "தலையில அடி பட்டவங்க இப்படித்தான் சொல்வாங்க. தூங்கிடாதீங்க. எதாவது பேசிட்டே இருங்க."

"என்னத்தைப் பேசறது?"

"உங்க வீட்டைப் பத்தி."

பேசினார். "மல்லேஸ்வரம் மார்க்கெட்ல நாலே நாலு கத்தரிக்காய் கேட்டா கடைக்காரன் சிரிக்கறான் சிஸ்டர். அவ இருந்தப்போ பை நெறைய வாங்கிண்டு போவேன். இப்பவும் பூட்டைத் திறந்து உள்ளே போறச்சே, 'வந்துட்டேன்'னு குரல் கொடுத்துடறேன். விட முடியலை."

மௌரீன் கட்டின் நுனியைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ரிச்சர்ட்ஸ் டவுன்ல எனக்கும் பெரிய வீடு சார். அம்மா போனப்புறம் நான் ஒருத்திதான். ரேடியோவைப் போட்டுட்டுத்தான் சாப்பிட உக்காருவேன். யாரோ கூட இருக்கற மாதிரி இருக்கும்."

அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் மௌரீன் எழுந்திருக்கவில்லை. கை கையிலேயே இருந்தது. வெளியே ஜட்கா வண்டிகள் போய் வந்தன. உலகத்தில் எங்கேயும் சண்டை நடப்பதாகவே கஸ்தூரிரங்கனுக்குத் தோன்றவில்லை.

"காபி கொண்டுவர்றேன்" என்று மௌரீன் எழுந்து போனார்.

கையில் சூடு ஆறியதும் பயம் திரும்பி வந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா லட்சுமம்மாவைக் கூப்பிட்டுக் கெஞ்சினார்.

"அம்மா, டாக்டர் வந்தா என் காலைப் பிடிச்சு இழுத்துடுவார். எனக்கு அடியே படலைன்னு நீங்களாவது சிஸ்டர்கிட்ட சொல்லுங்கோ. நான் சொன்னா நம்பவே மாட்டேங்கறா!"

லட்சுமம்மா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்றரை.

"உங்களுக்கு ஒண்ணுமில்லேன்னு சிஸ்டருக்கு அப்பவே தெரியும் சார். அவங்க நைட் டூட்டி எட்டு மணிக்கே முடிஞ்சுபோச்சு."