கொள்கையளவில் சம்மதம்

மனிதர்களில் ‘முடியாது’ என்பவர்கள் ஓர் இனம், ‘சரி’ என்பவர்கள் ஓர் இனம். இந்த இரண்டு பேர் மேலும் எனக்குப் புகார் இல்லை. முதல் ஆளோடு சண்டை போடலாம். இரண்டாம் ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நான் இங்கே பிடித்துக்கொண்டு வந்து உங்கள் முன் நிறுத்தப்போவது மூன்றாவது இனம். கொள்கையளவில் சம்மதிப்பவர் என்று அவருக்குப் பெயர். அவரோடு சண்டையும் போட முடியாது, வேலையும் நடக்காது.

இந்த இனம் உலகெங்கும் உண்டு. ஆனால் அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் வடக்குக் கலிபோர்னியா மலைப்பக்கம், மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு, பண்ணைக்காரர் சங்கக் கூடத்துக்கு வாருங்கள். வாசலில் பிக்கப் வண்டிகள், வண்டிக்கு ஒரு நாய்; உள்ளே மடக்கு நாற்காலிகள், ஆறிப்போன காபி, யார் வீட்டிலோ மிச்சமான சுரைக்காய் கேக். முன்மேசையில், பேசுகிறவர்களுக்கு மூன்று நிமிஷம் என்று முட்டை அவிக்கும் மணியைத் திருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் லாயிட் பெக்கம். ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர். மாவட்ட மரக் குழுவின் தலைவர். அந்த மணி மற்றவர்களுக்குத்தான், அவருக்கு அடிக்காது.

யார் எந்தக் கோரிக்கையோடு எழுந்தாலும் லாயிட் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் துடைப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி மாட்டிக்கொண்டு சொல்வார்: “முதல்லயே ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். கொள்கையளவுல எனக்கு முழு சம்மதம்.” இதைக் கேட்டு முகம் மலர்கிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். பழையவர்கள் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த வாக்கியம் ‘இருந்தாலும்’ என்று ஆரம்பிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

நோரீன் டக்கெட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். லாயிட்டோடு ஒரே வகுப்பில் படித்தவள். மாடு வளர்க்கிறாள். அவளுடைய மலைச்சரிவில் நாற்பது ஓக் மரங்கள் நின்றன. சிலவற்றுக்கு வயது முந்நூறு. ஒரு காலத்தில் இந்த மண்ணின் பழங்குடிகள் ஆண்டுதோறும் புல்லுக்குத் தீ வைப்பார்கள். ஓக் தாங்கும், இடையில் முளைக்கும் ஊசியிலை ஃபிர் கன்றுகள் கருகும். பிறகு வந்தவர்கள் தீ வைக்கக் கூடாது என்றார்கள். ஃபிர் கன்றுகளுக்குக் கொண்டாட்டம். மடமடவென்று வளர்ந்து, ஓக்கின் கிளைகளைத் துளைத்துக்கொண்டு மேலே போய், வெயிலை மொத்தமாக மறித்துக்கொண்டன. வெயில் இல்லாமல் ஓக் பட்டினி கிடந்து சாகும். வெட்டலாம் என்றால், ஃபிரை வெட்டினால் அதே இடத்தில் ஃபிரையே நட வேண்டும் என்றது பழைய சட்டம். சட்டம் எழுதியவர் ஓக்கைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை.

கடைசியில் புதிய விதி வந்தது. ஓக்கைக் காப்பதற்காக ஃபிரை வெட்டலாம், திரும்ப நட வேண்டாம். நிபந்தனை இரண்டுதான். நெஞ்சு உயரத்தில் அளந்தால் அடிமரத்தின் குறுக்களவு இருபத்து நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது பெருமரம், தொடக் கூடாது. அப்புறம், மரக் குழுவின் ஒப்புதல். வேடிக்கை என்னவென்றால், அந்த விதி வேண்டுமென்று மளிகைக்கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கியவரே லாயிட்தான். அவர் வண்டியின் பின்னால் இன்றைக்கும் ‘ஓக்கைக் காப்போம்’ என்று ஒட்டியிருக்கிறது.

முதல் ஆளாக நோரீன் மனுப் போட்டாள். உரிமம் பெற்ற வன நிபுணர் கில்பர்ட் அர்சே வரைபடத்தை விரித்தார்.

“மொத்தம் அறுபது ஃபிர், சார். ஓக்கை அமுக்கிட்டு நிக்கிற பெருசெல்லாம் இருபத்திரண்டு, இருபத்திரண்டரை அங்குலம். அக்டோபர்ல ஆரம்பிச்சா மழைக்கு முன்னாடி முடிச்சிடலாம்.”

அக்டோபரை விட்டால் எங்கள் ஊரில் வேறு வழியில்லை. வசந்தத்தில் பறவைகள் கூடு கட்டும். கோடையில் காட்டுத்தீ பயம், ரம்பத்தைக் கிளப்பக் கூடாது. குளிர்காலத்தில் முழங்கால் சேறு. நடுவே கிடைப்பது ஆறே வாரம்.

லாயிட் கண்ணாடியைத் துடைத்தார். “பிரமாதமான திட்டம். கொள்கையளவுல எனக்கு முழு சம்மதம். இருந்தாலும், ஆந்தை இருக்கான்னு ஒருத்தரை விட்டுப் பார்த்துட்டா எல்லாருக்கும் நிம்மதி இல்லையா?”

பார்த்தார்கள். ஆந்தை இல்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் மழை வந்துவிட்டது. இரண்டாம் ஆண்டு மண் சரியுமா என்று ஆராய்ந்தார்கள். சரியாது என்று தெரிந்தபோது மறுபடி மழை. மூன்றாம் ஆண்டு, சாலையில் போகிறவர்களுக்குக் கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி. அந்தச் சாலையில் போகிறவர் தபால்காரர் ஒருவர்தான். அவரையும் கேட்டார்கள். நான்காம் ஆண்டு கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லாததால் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். இரண்டுக்கு இரண்டு. தலைவர் ஓட்டுப் போட்டால் முடிந்தது. லாயிட் எழுந்து, தலைவர் ஒரு பக்கம் சாய்வது அழகில்லை என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள்.

இவர் என்ன கெட்டவரா? அதுதான் இல்லை. ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அவர் மனசு லேசாக இருக்கும். யாரையும் நோகடிக்கவில்லை என்ற நிறைவு. அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். மளிகைக்கடை வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து யாராவது, “அறுபது மரத்தை வெட்டச் சொன்னது நீங்கதானே?” என்று கேட்டுவிட்டால்? வெட்டிய மரத்துக்கு ஆள் உண்டு, கையெழுத்து உண்டு, தேதி உண்டு. நிழலில் தானாகச் செத்த மரத்துக்கு யாரைப் பிடிப்பது? ஒருவரும் வரிசையில் நின்று கேட்கப்போவதில்லை. இந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட.

ஐந்தாம் ஆண்டு நோரீன் பொறுமை இழந்து அவரை வண்டியில் ஏற்றிச் சரிவுக்கே கொண்டுபோனாள். கீழ்க்கிளைகள் எல்லாம் பட்டுப்போய், உச்சியில் ஒரு கைப்பிடி இலையோடு ஓர் ஓக் நின்றது. ஃபிர்களுக்கு நடுவே கிடைத்த சந்து வழியாகப் பக்கவாட்டில் வளைந்து வெயிலைத் தேடியிருந்தது.

“மாடு இதுக்கடியிலதான் கன்னு போடும், லாயிட். எங்கப்பா காலத்துல இருந்து. நாலு ஓக் போயாச்சு. இன்னும் எத்தனை போகணும்னு சொல்லு.”

லாயிட் பட்டையைத் தடவினார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. “அய்யோ பாவமே,” என்றார். “இதுக்கு உடனடியா ஒரு துணைக்குழு போடணும்.”

நோரீன் திரும்பி நடந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். மூன்று மைல் அவர் பின்னால் நடந்து வந்திருக்க வேண்டியது. பாதி வழியில் மனமிரங்கி ஏற்றிக்கொண்டாள். அந்த நடையோ என்னவோ, அந்த அக்டோபரில் அதிசயம் நடந்தது. லாயிட் கையெழுத்துப் போட்டார். ஐவரும் ஒருமனதாக. கேக்கூட அன்றைக்கு மிச்சமானதில்லை, புதிது.

மறுநாள் கில்பர்ட் நோரீனோடும் ரம்பக்காரர்களோடும் மலை ஏறினார். வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும், அது விதி. முதல் மரத்தில், குறுக்களவையே காட்டும் நாடாவைச் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். கழற்றி மறுபடி சுற்றினார். இருபத்து நான்கே கால். அடுத்தது இருபத்து நான்கரை. லாயிட் ஆராய்ந்துகொண்டிருந்த வருஷங்களில் ஃபிர்கள் சும்மா இருக்கவில்லை.

“மேடம், பெரிய மரம் முப்பத்தெட்டும் வரம்பைத் தாண்டிடுச்சு. சட்டப்படி இதெல்லாம் இப்போ பெருமரம். நான் கை வெச்சா என் உரிமம் போயிடும்.”

“மிச்சம்?”

“மிச்சமெல்லாம் குட்டி. அதை வெட்டி ஓக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.”

அடுத்த மாதக் கூட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. லாயிட்டுக்கு உண்மையான கோபம். “இது அநியாயம்! இருபத்து நாலுங்கிற வரம்பை இருபத்தாறா உயர்த்தணும்னு மாநிலத்துக்கு எழுதப்போறோம். கொள்கையளவுல இதுக்கு நம்ம எல்லாருக்கும்…”

நோரீன் எழுந்தாள். மணியைத் திருகக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

“லாயிட், முதல் வருஷமே நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். தோத்திருந்தா மலையை வித்துட்டாவது போயிருப்பேன். அஞ்சு வருஷமா நீ ‘சம்மதம், சம்மதம்’னு சொல்லச் சொல்ல, நான் முட்டாள் மாதிரி காத்துக்கிட்டு இருந்தேன். ரம்பம் வெச்சிருக்கறவன்கிட்ட மரம் தப்பிச்சாலும் தப்பிக்கும். உன்கிட்ட தப்பிக்காது.”

லாயிட் முகம் வாடிவிட்டது. இந்த விஷயத்தில் எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லையே, தன்னைப் போய் இப்படிச் சொல்லலாமா? அவள் பேச்சு கூட்டக் குறிப்பில் ‘பொதுமக்கள் கருத்து: ஒன்று’ என்று பதிவாயிற்று. வரம்பை ஆராய மூவர் துணைக்குழு அமைந்தது. இந்தக் குளிர்காலத்தில் அந்தச் சரிவில் மேலும் இரண்டு ஓக் போயின. அவற்றுக்காக லாயிட் உள்ளூர்ப் பத்திரிகையில் உருக்கமாக ஓர் இரங்கல் எழுதினார்.

படிக்கும்போதே உங்களுக்கு நாலைந்து முகங்கள் ஞாபகம் வந்திருக்கும். அலுவலக மேலாளர், சங்கச் செயலாளர், பெரிய மச்சான். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். யாரோ ஒருவர் உங்களிடம் ஒன்று கேட்டு, நீங்களும் முகம் கோணாமல், “அதுக்கென்ன, தாராளமா பண்ணலாம், பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பிவைத்தீர்களே, அதை நம்பி அவர் வேறு யாரிடமும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். செய்து கொடுங்கள் என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. இன்றைக்கே போய் முடியாது என்றாவது சொல்லிவிடுங்கள்.