கீழே ஒன்று, மேலே இருபத்தொன்று

குத்துக்கல்வலசை,
வைகாசி மாதம் பன்னிரண்டாம் நாள்.

சகல பாக்கியமும் பெற்று நீடூழி வாழ வேண்டிய என் மகன் சிரஞ்சீவி விஜய்பாண்டிக்கு, உன் தகப்பன் சுடலைமாடன் சொல்லி எழுதுவித்தது. இங்கே இடது முழங்கால் நீங்கலாக நான் சௌக்கியம். காசி விசுவநாதர் கிருபையால் அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற நாறும்பூநாதன்தான் எழுதுகிறார். நான் பேச்சுவாக்கில் சொல்வதை அவர் புத்தகத் தமிழாக்கி எழுதிவிடுவார். ஆகையால் வார்த்தை அவருடையது, வருத்தம் என்னுடையது. பழக்க தோஷத்தில் இரண்டு இடத்தில் ‘மேற்படி மனுதாரர்’ என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறார். பொறுத்துக்கொள்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். பதினொரு மாதமாக நான் போன் போட்டால் நீ பேசுவது ‘ம்’ என்கிற ஒரே எழுத்து. சாப்ட்டியாலே என்றால் ம். அங்கன மழை உண்டா என்றால் ம். போன வாரம் உன் சிநேகிதன் சந்தோஷ்குமார் ஐந்தருவிக்குக் குளிக்க வந்தவன் வீட்டுக்கும் வந்து காப்பி குடித்தான். குடித்து முடித்தும் கிளம்பவில்லை. என்னலே என்று கேட்டேன். “மாமா, அவன் செஞ்ச அந்தப் போன் ஆப்பை மூடிட்டான். இப்ப எவனோ செஞ்ச ஆப்பைக் காவல் காத்துக்கிட்டு ஒரு கம்பெனியில கிடக்கான். கேட்டா, எங்க அம்மா சாவுறதுக்கு முன்னாடி மூணு நாளு எனக்கு ‘ட’ன்னு அனுப்பிக் கேலி பண்ணிட்டுப் போயிட்டா, அவளுக்கே பிடிக்காததை எதுக்குச் செய்யணும்ங்கான்” என்று சொன்னான். இந்த ‘ட’ சங்கதி எனக்கு அதுவரை தெரியாது. நீ சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று காலையிலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

முதலில் ரயில்வே ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ உன் பக்கம் மட்டும் ஞாபகம் வைத்திருப்பாய். நிலையான வேலையை விட்டுவிட்டு, ஊரில் இருக்கிற பெற்றவர்களும் வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் பேசிக்கொள்ள ஒரு ஆப் செய்யப்போகிறேன் என்று நீ வந்து நின்றாய். அதைத் திறந்து காட்டினாய். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. மேலே பேர் எழுத, கீழே சேதி எழுத. உன் அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பெட்டி வரையதுக்கா நாலு வருசம் இன்ஜினியருக்குப் படிச்ச” என்று கேட்டுவிட்டாள். நீ சாப்பிடாமல் கிளம்பினாய். அவள் மிளகாய்ப்பொடியை எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொண்டு தென்காசி ஸ்டேஷன் வரைக்கும் வந்து, ஜன்னல் வழியாக உன் மடியில் வைத்தாள். நீ முகத்தைப் பார்க்காமல் வாங்கினாய். வாங்கினாயே, அதுவரைக்கும் நல்லது. அதற்குப் பிறகு நீயும் அவளும் போனில் பேசவில்லை. நான் நடுவில் தபால்காரனாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் முகம் கழுவி, பொட்டு வைத்து, ஏதோ ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். உன் ஆப்பைத்தான். மேல் பெட்டியை விட்டுவிட்டு நேராகக் கீழ்ப் பெட்டியைத் தொட்டாள். ஏட்டி, மேல பேர் எழுதணும்னு சொன்னானே என்றேன். “பெத்த பிள்ளைக்கு எழுதுதேன், நான் யாருன்னு அவனுக்குப் பேர் வேற சொல்லணுமோ” என்றாள். ஒரு எழுத்தைத் தொட்டாள். அப்போதுதான் அதை நான் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு கோடு விட்டு விட்டு மின்னுமே, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கு எழுத்து இல்லாததனால் கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோடு, அவள் முதல் எழுத்தைத் தொட்டதும் கீழ்ப் பெட்டியை விட்டு மேல் பெட்டிக்குத் தாவிவிட்டது. ஏட்டி, கோடு மேல போயிட்டு என்றேன். “எழுதத் தெரியாத மனுசன் எனக்குச் சொல்லித் தாரீராக்கும். நீரு சும்மா இரும்” என்றாள். மொத்தம் இருபத்திரண்டு தடவை தொட்டாள். முதல் ஒன்று கீழே போனது, மற்ற இருபத்தொன்றும் மேலே போனது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தவள் கொஞ்சம் யோசித்தாள். “மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, ரெண்டும் அவன் செஞ்ச பெட்டிதான, போய்ச் சேராமலா இருக்கும்” என்று சொல்லி அம்புக்குறியைத் தொட்டாள். இரண்டு பெட்டியும் காலியாயின. போயாச்சு என்றாள். என்னட்டி எழுதினே என்று கேட்டேன். அது எனக்கும் அவனுக்கும் என்றாள்.

அன்று மத்தியானமே நான் உனக்குப் போன் போட்டு, ஆப்பில் கோடு தாவுகிறது என்றேன். ஞாபகம் இருக்கிறதா? “அப்பா, இங்க நல்லாத்தான் வேலை செய்யுது. போனை அமத்தித் திறங்க” என்றாய். அமத்தித் திறந்தேன். “கீபோர்டு சரியில்லாம இருக்கும், கடையில கொடுத்து மாத்துங்க” என்றாய். போன் ரிப்பேர் பார்க்கிற ஆதம் கடைக்குக் கொண்டுபோனேன். அவனுக்குச் செங்கோட்டைப் பக்கத்து மலையாளத்தார் வாடிக்கை அதிகம், கை போன போக்கில் மலையாளக் கீபோர்டை ஏற்றிக் கொடுத்துவிட்டான். “நான் என்ன கொல்லத்துக்கா கடுதாசி எழுதுதேன்” என்று உன் அம்மா அதைத் திருப்பி அனுப்பினாள். மறுபடி நடந்தேன், முழங்கால் அன்றைக்குப் போனதுதான். ஆதம் தமிழை ஏற்றி, மேல் பெட்டியில் தன் பேரை எழுதி, கீழ்ப் பெட்டியில் எதையோ எழுதிக் காட்டினான். கோடு தாவவில்லை. “பாத்தேளா அண்ணாச்சி, நல்லாத்தான இருக்கு” என்று எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்தான். மறுநாள் காலை அவள் எழுதினாள், கோடு தாவியது. உனக்குப் போன் போட்டேன். “உங்களுக்குப் படிக்கவே தெரியாதே அப்பா, நீங்க எதைப் பாத்தீங்க” என்றாய். நீ கோபத்தில் சொல்லவில்லை, வேலை அவசரத்தில் சொன்னாய். நானும் சரிதானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவள் மறுபடி பொட்டு வைத்து உட்கார்ந்தபோது நான் கோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

பதினொரு மாதம் யோசித்து இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். மேல் பெட்டி காலியாக இருந்தால் கோடு அங்கே ஓடுகிறது. நீ எப்போதும் உன் பேரை முதலில் எழுதிவிட்டுத்தான் பார்ப்பாய். ஆதமும் அப்படித்தான் பார்த்தான். பேர் எழுதாமல் வந்தவள் உன் அம்மா ஒருத்திதான். சந்தோஷ்குமாரிடம் கேட்டேன், மேல் பெட்டியில் எழுதினதை உன்னிடம் கொண்டுவருகிற வேலையை நீ அப்போது முடித்திருக்கவில்லை, கீழே உள்ளது மட்டும்தான் வரும் என்றான். அதனால்தான் உனக்கு ‘ட’ மட்டும் வந்தது. அது கேலி இல்லை ஐயா. மூன்று நாளும் ஒரே இருபத்திரண்டைத்தான் தொட்டாள். முதல் தொட்ட இடமும் பதினெட்டாவது தொட்ட இடமும் ஒன்று. எட்டாவது, பதின்மூன்றாவது, இருபதாவது தடவை எழுத்துகளுக்கு அடியில் கிடக்கிற நீளப் பட்டையைத் தொட்டாள். குற்றாலத்தில் முப்பத்தொரு வருசம் குளிக்க வந்தவர்களின் துணிமூட்டையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டவன் நான். சீசன் நாளில் முந்நூறு மூட்டை வரும், டோக்கன் கிடையாது, ஈரத்தலையோடு வருகிறவன் முகத்தைப் பார்த்ததும் கை அவன் மூட்டைக்குப் போய்விடும். ஒருத்தன் வேட்டி ஒருத்தனுக்குப் போனதில்லை. என் வீட்டுச் சேதி மட்டும் கைமாறிப் போய்விட்டது.

அவள் என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நீ செய்வது நல்ல வேலை, நீ நல்லா வருவே என்றுதான் எழுதியிருப்பாள். அதை நம்பி அந்த ஆப்பை மறுபடி திற, அந்தக் கோட்டைப் பிடித்துக் கட்டு. ஆனியில் அவள் திதி வருகிறது. அதற்காக லீவு கேட்டு அலைய வேண்டாம், ரயிலிலும் இடம் கிடைக்காது. நானே கொடுத்துக்கொள்வேன். நீ வர வேண்டாம்.

இருக்கிற இடத்தில் உன் தலை நிமிர்ந்தும் வயிறு நிறைந்தும் இருக்க, சுடலையையும் விசுவநாதரையும் வேண்டிக்கொண்டு ஆசீர்வதிக்கும்

உன் தகப்பன்,
சுடலைமாடன் (இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: மேலே சொன்னதில் பாதி தப்பு. கவரை ஒட்டப்போன நாறும்பூநாதன், “பெரியவரே, இருபத்திரண்டும் நெசமாவே ஞாபகம் இருக்கா” என்று கேட்டார். காட்டுவதற்காக உன் அம்மா போனை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அவர் மேஜையில் வைத்து உன் ஆப்பைத் திறந்து, அவள் தொட்ட வரிசையிலேயே தொட்டேன். முதலில் சிரித்தார். ஐந்தாவதில் கண்ணாடி போட்டார். கோடு தாவியது, கீழே ஒன்று, மேலே இருபத்தொன்று. இரண்டையும் சேர்த்து வாசித்தார். ‘டப்பாவை நீயே கொண்டு வா.’ ஆசீர்வாதம் ஒன்றும் இல்லை. அவள் கலியாணத்துக்கு அவள் அப்பா வாங்கி, மூடியில் குருவம்மாள் என்று பேர் வெட்டிக் கொடுத்த டப்பா அது. வர வேண்டாம் என்று நான் சொன்னதை அடிக்கச் சொன்னேன், இனியும் அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்கிறார். நீயே அடித்துக்கொள். அம்புக்குறியை நான் தொடவில்லை, உனக்கு இன்னொரு ‘ட’ வேண்டாம். டப்பா காலியாக இருந்தாலும் பரவாயில்லை. பார்சலில் போடாதே.