கூடாமல் குறையாமல் ஒரு கோணல்

சக்கரம் வட்டமாக இருக்க வேண்டும் என்பதில் உலக நாடுகளுக்குள் இதுவரை கருத்து வேற்றுமை கிடையாது. அது கோணிப்போனால் யார், எங்கே, என்ன கூலிக்கு நிமிர்த்துவது என்பதில்தான் தேசத்துக்குத் தேசம் வித்தியாசம்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கியில் இராத்திரிக் காவல் பார்க்கும் நல்லசிவத்துக்கு இந்த வித்தியாசம் ஒரு கேசட் மூலம் தெரியவந்தது. அவர் மனைவி மாயம்மாளின் தம்பி முப்பிடாதி பேர்ஷ்யாவில் இருந்தான். அரபிக் கடலுக்கு அந்தப் பக்கம் எந்த நாடானாலும் மட்டாஞ்சேரியில் அதற்குப் பேர்ஷ்யா என்றே பெயர். எழுபத்தொன்பதாம் வருஷம் அது. பேனா பிடித்துக் கடிதம் எழுதுவது கௌரவக் குறைச்சலாகிவிட்டபடியால், பேர்ஷ்யாக்காரர்கள் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிற வீட்டில் போய்த்தான் கேட்கவேண்டும். ஆகவே குடும்ப ரகசியம் என்ற ஒன்று அந்தத் தெருவில் அடியோடு ஒழிந்துபோயிருந்தது.

"அத்தான், சொகமா இருக்கீங்களா? இங்க என் மோட்டார் சைக்கிள் முன்சக்கரம் குழியில விழுந்து கோணிப்போச்சு. கோட்டம் எடுக்க இந்த ஊர்க்காரன் என் சம்பளத்துல மூணுல ஒரு பங்கு கேக்கான். கொள்ளைல்லா இது! நம்ம நாணு சேட்டன் கடையில மூணு ரூவா. அதனால சக்கரத்தைக் கழத்திக் கப்பல்ல ஏத்திட்டேன். நிமித்தித் திருப்பி அனுப்புங்க. வண்டி ஓடினாத்தான் நான் அரபி முன்னால போய் நிக்க முடியும். நின்னாத்தான் உங்க விசாவப் பத்திப் பேச முடியும்."

"அந்தக் கடைசி எடத்த இன்னொருக்கப் போடுங்க," என்றாள் மாயம்மாள்.

மறுபடி விசா என்று கேட்டது. கூடியிருந்த தெரு முழுவதும் நல்லசிவத்தைப் புது மரியாதையோடு திரும்பிப் பார்த்தது. ஊரார் மிளகைப் பதினைந்து வருஷமாகக் காத்துக்கொண்டு, தன் வீட்டு ரசத்துக்குக் கடையில் மிளகு வாங்கிய மனிதர் அவர். அன்று பகல் முழுக்கத் தூக்கம் வரவில்லை.

சக்கரம் கொச்சித் துறைமுகத் தீவுக்கு வந்து சேர்ந்தது. தீவில் எந்த அலுவலகம் என்று இங்கே சொல்வதற்கில்லை. சொன்னால் மானநஷ்ட வழக்கு வரும். சொல்லாவிட்டாலும் அங்கே செருப்புத் தேய்ந்தவர்களுக்குத் தெரியும்.

நல்லசிவம் காவலை முடித்துக்கொண்டு, கண் எரிய எரிய முதல் போட்டில் போய் இறங்கினார். அதிகாரி நீலகண்டன் பாலக்காட்டுத் தமிழர், நல்ல மனிதர். சட்டத்தைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார். அவ்வளவு மனப்பாடம்.

"என்னவாக்கும் இது?"

"சக்கரம் சார்."

நீலகண்டன் அதைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டார். அது இடுப்பை ஒடித்து ஒடித்து ஆடியது. கண்ணாடியைக் கழற்றினார்.

"சக்கரம்னா வட்டமா இருக்கணும். இது வட்டமில்லை. அப்போ இது பழைய இரும்பு. பழைய இரும்பு கொண்டுவர லைசென்ஸ் உண்டோ?"

"கோட்டம் எடுக்க வந்தது சார். எடுத்ததும் திரும்பிப் போயிரும்."

நீலகண்டன் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுமோய்! ரிப்பேருக்கு வர சாமானுக்கு வரியே கிடையாது. கோணல் எவ்வளவுன்னு மட்டும் சொல்லும், இப்பவே விட்டுடறேன்."

"எவ்வளவுன்னா சார்?"

"அளவு வேண்டாமோ? உள்ளே வந்த கோணல் இத்தனைன்னு தெரிஞ்சாத்தானே, அத்தனையும் நிமிர்ந்துதான்னு போறச்சே பார்க்க முடியும்? பாதிக் கோணலை நீர் இங்கேயே வச்சுண்டுட்டா?"

"கோணலை வச்சுக்கிட்டு நான் என்ன சார் செய்யப்போறேன்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கோணலை அளக்க வேண்டுமானால் அதே கம்பெனியின் கோணாத சக்கரம் ஒன்று பக்கத்தில் இருக்கவேண்டும். அந்தச் சக்கரம் பாரத தேசத்தில் கிடையாது. ஏனென்றால் அதை இறக்குமதி செய்ய அந்த அலுவலகமே விடுவதில்லை. இந்த இக்கட்டான நிலைமை மேலிடத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. மழைக்காலம் ஒன்று வந்து போனது. நல்லசிவம் அந்த அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் வராத தூக்கம் அங்கே வரப் பழகிக்கொண்டார். கடைசியில் மேலிடம் வழி சொன்னது. கோணலாக இருக்கும்போது சக்கரத்தை ஒரு தரம் அளப்பது. அரசாங்கச் செலவில் நிமிர்த்தி இன்னொரு தரம் அளப்பது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கோணல்.

டெண்டர் விட்டார்கள். விண்ணப்பித்தவர் மட்டாஞ்சேரி சைக்கிள் கடை நாணு ஒருவர்தான். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த கூலியைக் கேட்டிருந்தால் அந்தப் பேர்ஷ்யாக் கடைக்காரன் வெட்கப்பட்டிருப்பான்.

நாணு வந்து சக்கரத்தைப் பார்த்தார். "எந்தா அண்ணாச்சி, இது சக்கரமா பப்படமா?" என்றார். அங்கே ஒரு கம்பியை முறுக்கி, இங்கே ஒரு கம்பியைத் தளர்த்தி, ஊற்றி வைத்த சாயா ஆறுவதற்குள் எழுந்துவிட்டார். சுற்றிவிட்டால் சக்கரம் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நல்லசிவத்துக்கு அதன் நடுவில் விமானம் ஒன்று தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டினார்.

"எங்கே எடுக்கறீர்?" என்றார் நீலகண்டன்.

"வேலை முடிஞ்சுட்டே சார்."

"முடிஞ்சதுதான் தொந்தரவு." கண்ணாடி கழன்றது. "ரிப்பேருக்கு வந்த சாமானுக்குத்தான் வரி இல்லை. இதிலே ரிப்பேர் எங்கே இருக்கு, காட்டும்? இது இப்போ நன்னா ஓடற ஃபாரின் சக்கரம். வரியைக் கட்டிட்டு எடுத்துண்டு போம்."

வரியைச் சொன்னார். அதற்கு முப்பிடாதியின் மோட்டார் சைக்கிளையே வாங்கி, மேலே முப்பிடாதியையும் ஒரு மாதம் வாடகைக்கு எடுக்கலாம்.

"வேற வழியே இல்லையா சார்?"

"வந்த நிலைமையிலே இருந்தா விடலாம்."

"திரும்பக் கோணலாக்கணுமா?"

"சிவ சிவா! அரசாங்க உத்தியோகஸ்தன் ஒரு சாமானைக் கோணலாக்குன்னு சொல்லப்படுமோ?" நீலகண்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சுத்தியல் அந்த மூலையிலே இருக்கு."

நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு போடு போட்டார். அளந்தார்கள். போதவில்லை. இன்னொன்று போட்டார். அளந்தார்கள். கூடிப்போனது.

"நிறுத்துமோய்! குறைஞ்சா ஏமாத்து, கூடினா அரசாங்கக் காவலிலே சேதம். இரண்டுக்கும் நான்தான் பதில் சொல்லணும். இப்போதான் அளவு தெரியுமே. வெளியே போய் நாட்டுச் சக்கரத்திலே நன்னா பழகிட்டு வாரும்."

இப்படியாகத்தான் நல்லசிவம் பகல் தூக்கத்தை விட்டுவிட்டு நாணு கடையில் உட்கார நேர்ந்தது. பழைய சைக்கிள் சக்கரங்களைக் கோணலாக்குவார். கூடினால் நிமிர்த்துவார். நிமிர்ந்தால் கோணலாக்குவார். நிமிர்த்தத் தெரியாதவனுக்குச் சரியாகக் கோணலாக்க வராது என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"எந்தா இது?"

"பேர்ஷ்யா அளவு," என்றார் நாணு.

அவ்வளவுதான். கூலிங் கிளாஸும் நைலான் சட்டையுமாக ஒரு வாலிபன் புத்தம்புது சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தி, தன் சக்கரத்தையும் பேர்ஷ்யா மாதிரியே செய்துதரச் சொன்னான். மறுநாள் அவன் கூட்டாளிகள் வந்தார்கள். நாணு கடையில் புதிய விலைப் பலகை ஏறியது: கோட்டம் எடுக்க மூன்று ரூபாய், கோட்டம் போட ஐந்து. அந்த ஓணத்துக்கு மட்டாஞ்சேரியின் நாகரிக இளைஞர்கள் எல்லோரும் முதலை மேல் சவாரி செய்கிறவர்களைப் போலத்தான் போனார்கள்.

பழகிய கையோடு நல்லசிவம் தீவுக்குப் போனார். ஒரு தட்டு, ஒரு முறுக்கு. நீலகண்டன் அளந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். கோணல் மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது. சர்வீஸில் இப்படி நாணயமான ஒரு கோணலைக் கண்டதில்லை என்று சொல்லி, சக்கரத்தைக் கையில் கொடுத்தார் நீலகண்டன்.

மட்டாஞ்சேரிக் கடையில் நாணு அதை நிமிர்த்த வாங்கிச் சுற்றிவிட்டார். காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"இது இனி நிமிராது அண்ணாச்சி. ரிம் விட்டுப்போச்சு. எத்தனை தடவை அடிச்சு! இரும்பாணெங்கிலும் அதுக்கும் ஒரு மனசில்லையோ?"

நல்லசிவம் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மாயம்மாள் அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"போகட்டும், விடுங்க," என்றாள். "மிளகு எங்கயும் போகாது."

அந்த ஆறுதல்தான் அவரைக் கொன்றது.

அடுத்த கேசட் வந்தபோது அவர் கேட்கப் போகவில்லை. மாயம்மாள்தான் ஓடிவந்து சொன்னாள். முப்பிடாதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புதுச் சக்கரமே வாங்கிப் போட்டிருந்தான். வண்டி ஓடியதால் அரபி முன்னால் போய் நின்றிருந்தான். உன் அத்தானுக்கு என்ன வேலை தெரியும் என்று அரபி கேட்டாராம். "ஒரு வருஷமா அரசாங்க ஆபீஸ்லயே சக்கர வேலைதான் பாக்காரு" என்று சொன்னானாம். அங்கே கோட்டம் எடுக்கிறவன் ஊரோடு போய்விட்டதால், அந்தக் கடைக்கே விசா வந்துவிட்டது.

புறப்படுவதற்கு முன் நல்லசிவம் தீவுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டார். நீலகண்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம மாப்பிள்ளை ஒருத்தன் சும்மா இருக்கான். அவனுக்கும் ஒரு விசா பாருமோய்."

நல்லசிவம் விசா பார்த்துக் கொடுத்தார். ரிப்பேருக்கு வந்த சாமானுக்கு வரியில்லை என்று சொன்ன மனிதரல்லவா?

பேர்ஷ்யாவில் கடை திறந்து கொஞ்ச நாளில் முப்பிடாதி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பழைய குழி, புதுச் சக்கரம். நல்லசிவம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூலியைச் சொன்னார்.

"என்ன அத்தான்! அதே மூணுல ஒரு பங்கா? எங்கிட்டயேவா? நாணு சேட்டன் கடையில மூணு ரூவாதானே!"

"ஆமா மாப்ளே. மூணு ரூவாதான்." நல்லசிவம் கம்பி முறுக்கும் சாவியைக் கீழே வைத்தார். "வேணும்னா கப்பல்ல போட்டு அனுப்பேன்."

முப்பிடாதி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தான். அவனுக்குப் பின்னால் நின்ற ஆந்திராக்காரனும் பேரம் பேசினான், பாகிஸ்தானியும் பேசினான். கடைசியில் கோணல் சக்கரத்தோடு நின்ற நீலகண்டன் மாப்பிள்ளை மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டதை எடுத்து வைத்தான். மாமனாரை அவனுக்குத் தெரியும்.