வாங்கில் அமர்ந்த சட்டம்பியார்

கல்விக் கந்தோரிலிருந்து வந்த கடிதத்தை அருளம்பலச் சட்டம்பியார் மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் பொருள் மாறவில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சையிற் சித்தியெய்தாத ஆசிரியர் அனைவரும் வருட முடிவில் விலக்கப்படுவர்.

மருதனார்மடத்துக்கு அணித்தான சிறு பள்ளியொன்றில் பதினெட்டு ஆண்டுகளாக அவர் ஒருவரே ஆசிரியர். எட்டாம் வகுப்பு வரை கற்பித்தார். ஆறாம் வகுப்பு வரை கற்றிருந்தார்.

"அந்தச் சோதினையை எடுத்துவிடும்," என்றார் பள்ளி மனேச்சர் தில்லைநாதர். "ஆனால் இடாப்பிலை பேர் பதிஞ்ச மாணாக்கனாய் இருக்கவேணும்."

"எந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பிலை?"

"உம்மடை பள்ளிக்கூடம் என்னத்துக்கு இருக்கு?"

மறுநாள் அவர் தம் பெயரை வரவேட்டில் தாமே பதிந்து, தாமே கூப்பிட்டார்.

"அருளம்பலம்!"

"உள்ளேன், ஐயா!"

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரை ஓலை அசைந்தது.

சனிக்கிழமை மனேச்சர் ஓடிவந்தார். "காரியம் கெட்டுது! நீர் பிள்ளையளோடை வாங்குப் பலகையிலை இருந்தால் சட்டம்பியார் இல்லை. சட்டம்பியாராய் நிண்டால் மாணாக்கனுக்கு வரவு இல்லை. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வாறார்!"

அன்று மாலை அருளம்பலம் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினார். ஆறு பேர் எட்டு நாளிற் கொத்தும் தோட்டத்தை நால்வர் எத்தனை நாளிற் கொத்துவர்?

"ஐஞ்சேகால் நாள்," என்றார்.

"பன்னிரண்டு," என்றாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி பராசக்தி.

தோட்டக்காரன் மகளல்லவா, கொத்தைக் கண்டு பழகியவள் என்று அவர் அமைதி கொண்டார். அவ்வமைதியிலேயே உபாயமும் உதித்தது.

"இஞ்சாரும், வியாழக்கிழமை பிரம்போடை வகுப்பிலை வந்து நில்லும். வாயை மட்டும் திறக்காதையும்."

"பிள்ளையள் ஏதும் கேட்டால்?"

"முறைச்சுப் பாரும். நான் அப்பிடித்தான் செய்யிறனான்."

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்குப் பாடம் நடத்தும்படி பணித்தார். பராசக்தி முறைத்துப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அசையவில்லை. வேறு வழியின்றிச் சோக்குக்கட்டியை எடுத்தாள். அரைமணி நேரத்திற் கடைசி வாங்குப் பிள்ளைகளும் விடை சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் முகம் மலர்ந்து, மீசை வைத்த மாணாக்கனைச் சுட்டினார்.

"நீர் எழும்பும். ஒன்பது பேர் நாலு நாளிலை கொத்தினால், ஆறு பேருக்கு எத்தனை நாள்?"

"ரெண்டே முக்கால் சொச்சம், ஐயா."

"ஆள் குறைய நாளும் குறையுமோ? உவருக்குப் படிப்பு ஏறாது போலை," என்று அவர் பராசக்தியிடம் திரும்பினார். "நல்லாய்ப் படிப்பிக்கிறியள், அம்மா. உங்கடை தராதரம் என்ன?"

அருளம்பலத்தின் மீசை வியர்த்தது. பதினெட்டு ஆண்டு உத்தியோகம் அக்கணமே கைநழுவிற்று என்று அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பராசக்தி பிரம்பை மேசையில் வைத்தாள்.

"எட்டாம் வகுப்புச் சித்தி, ஐயா, முதலாம் பிரிவு. பத்திரம் கூறைச்சேலைக்குக் கீழை பத்திரமாய்க் கிடக்கு. கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் ஒருத்தரும் கேக்கேல்லை."