டிரம்மர் குளிக்கப் போன கதை

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. மைக் திறந்துவிட்டது. ஆனால் கணீரின் வாயில் ஒரு வார்த்தையும் இல்லை.

கணீர் என்பது வானொலி நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர். அவர் சும்மா தொண்டையைச் செருமினாலே பக்கத்து அறைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அப்படி ஒரு குரல். மதிய நிகழ்ச்சி அவருடையது. புரொகிரஸிவ் ராக் என்று ஒரு வகை இசை உண்டு. மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டை அரை மணி நேரம் இழுப்பார்கள். நடுவில் தாளம் மாறும், ராகம் மாறும், சில சமயம் பாடகரே மாறிவிடுவார். ஒரு பாட்டைச் சுழலவிட்டால் போதும், சாவகாசமாகச் சாப்பிட்டு, கை கழுவி, கொஞ்சம் கண்ணசந்துவிட்டும் வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கணீர் அந்த இசையின் மீது உயிரையே வைத்திருந்தார்.

ஒரே தொல்லை, இரண்டு பாட்டுக்கு நடுவே 'யாருக்கும் தெரியாத சேதி' என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்கன் கட்டைகளுக்கு இடையில் கத்தியைச் செருகி வாசித்தவரைப் பற்றிச் சொல்லியாயிற்று. ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதியவரையும், கச்சேரி நடக்கும்போதே மேடைக்குச் சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டவரையும் இரண்டு தடவை சொல்லியாயிற்று. இன்றைக்குச் சட்டி காலி.

கண்கள் அறையைத் துழாவின. மனைவியிடம் இரவல் வாங்கி வந்த ஊதா நிறக் குடை மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேயர்களே, ஊதாக் குடைன்னு ஒரு பேண்ட். கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. நம்ம ஊர்லயே ஒரு காலத்துல கொடிகட்டிப் பறந்தாங்க. ஒரே ஒரு ரெக்கார்டு போட்டாங்க, அது வெளியே வர்றதுக்குள்ள பேண்ட் கலைஞ்சு போச்சு."

இனி எவனும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியத்தில் குரல் இன்னும் கணீரென்றது.

"ஒரு கச்சேரியில கீபோர்டுக்காரர் தனியா வாசிக்க ஆரம்பிச்சார். டிரம்மர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவா எழுந்து வீட்டுக்குப் போய், குளிச்சு, சாப்பிட்டு, துணி மாத்திட்டுத் திரும்பி வந்தார். அப்பவும் அந்த வாசிப்பு முடியல!"

பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் திறந்தார். முதல் வாய் உள்ளே போவதற்குள் தொலைபேசி மணி அடித்தது. அந்த நிகழ்ச்சிக்கு அதுவரை ஒருவரும் போன் செய்ததில்லை என்பதால், எது அடிக்கிறது என்றே அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"சார், நீங்க சொன்னதுல ஒரு தப்பு இருக்கு," என்றது ஒரு முதிய குரல். "நான் குளிக்கல. கை கால் மட்டும்தான் கழுவினேன்."

"நீங்க யாரு?"

"நான்தான் அந்த டிரம்மர்."

கணீர் கையில் எடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டார்.

அவர் போனை வைப்பதற்குள் நிலைய இயக்குநர் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது. சிரித்தாலும் கோபித்தாலும் முகத்தில் ஒரு மடிப்பும் மாறாது.

"கணீர் சார்! டிரம்மரே போன் பண்ணாராமே? நாளைக்கே அவரை நேரலையில உக்கார வச்சுடுங்க."

"மேடம், அது வந்து... அந்த பேண்ட் வந்து..."

"முதலாளி இந்த மாசத்தோட உங்க நிகழ்ச்சியை மூடச் சொல்லிட்டார், தெரியும்ல? யாருமே கேக்கறதில்லையாம். தரைக்கு ஒட்டற டைல்ஸ் பத்தி தினம் ஒரு மணி நேரம் பேச ஆள் பாக்கறார். இந்த நேரத்துல தெய்வமாப் பார்த்து உங்களுக்கு ஒரு டிரம்மரை அனுப்பியிருக்கு."

"இல்ல மேடம், உண்மையைச் சொல்லணும்னா..."

"உண்மைன்னதும் ஞாபகம் வருது. ஜன்னலைத் திறந்து பாக்காமலே வானிலையில 'லேசான தூறல்'னு வாசிச்ச பையனை முதலாளி அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டார். பொய்னா அவருக்கு ஆகவே ஆகாது. என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல மேடம்."

மறுநாள் டிரம்மர் நிலையத்தின் வேனில் வந்து இறங்கினார். வழுக்கைத் தலை, இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. வங்கியில் ஓய்வு பெற்றவர் என்று சொன்னால் ஒரு பேச்சுமில்லாமல் நம்பிவிடலாம். வடிகட்டின பித்தலாட்டம் என்று கணீருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளான கணீர் டிரம்மரைவிடப் பெரிய பித்தலாட்டக்காரர். அதனால், "வாங்க, வணக்கம்!" என்று முழங்கினார்.

டிரம்மர் வெளுத்து வாங்கினார். "நாங்க பதினோரு தட்டுத் தாளத்துல ஒரு பாட்டு போட்டோம். பத்தாவது தட்டுல பாடகருக்கு எப்பவும் கொட்டாவி வரும். அதையும் சேர்த்துத்தான் ரெக்கார்டு பண்ணினோம்!"

நேரலையிலேயே அடுத்த அழைப்பு வந்தது. நடுங்கும் குரல். "நான் கீபோர்டுக்காரன் பேசறேன். இவன் நடுவுல எழுந்து போனதே எனக்கு இப்பத்தான் தெரியும்! இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சுட்டான்!"

"நீ எப்பவாவது கண்ணைத் திறந்து வாசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்டா!" என்று டிரம்மர் மைக்கைப் பிடுங்கிக் கத்தினார்.

அதன்பின் தொலைபேசி ஓயவில்லை. அந்தச் சண்டையைக் கேட்பதற்கென்றே ஊர் மதியத் தூக்கத்தை விட்டது. முடி திருத்தும் கடைகளில், பாதிச் சவரத்தோடு வாடிக்கையாளர்கள் வானொலிப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். இளவயதில் ஊதாக் குடையின் கச்சேரியை நேரில் பார்த்ததாக ஒரு பல் மருத்துவர் சத்தியம் செய்தார்.

"பாடகரையும் தேடிப் பிடிச்சு, மூணு பேரையும் சேர்த்து மறுபடியும் ஒரு கச்சேரி!" என்றார் இயக்குநர் அம்மா.

கணீருக்குக் காது அடைத்தது. பேண்டே இல்லாதபோது கச்சேரி எப்படி நடக்கும்? இதை ஒரேயடியாகக் கொன்றுவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். மறுநாள் மைக்கின் முன் உட்கார்ந்து, குரலில் கண்ணீரை வரவழைத்துக்கொண்டார்.

"நேயர்களே, ஊதாக் குடை இனி ஒருநாளும் விரியாது. அதோட பாடகர் காலமாகிப் பல வருஷமாச்சு. அவர் இல்லாம மேடை ஏற மாட்டோம்னு மத்த ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்காங்க."

துயர இசை ஒன்றைப் போட்டார். நெஞ்சு லேசானது. போன் அடித்தது.

"வணக்கம். காலமான பாடகர் பேசறேன்."

"எ... எங்கேருந்து?"

"வீட்லேருந்துதான். என் வீட்டம்மா பக்கத்துல உக்காந்து அழறாங்க. நான் இருக்கேன்னு நீங்களே சொல்லுங்க சார், நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

கணீர் இயக்குநர் அறைக்கு ஓடினார். "மேடம், இன்னிக்கு எல்லாத்தையும் கொட்டிடறேன். அந்த ஊதாக் குடை..."

"முகமெல்லாம் வேர்த்திருக்கே. முதல்ல தண்ணி குடிங்க." இயக்குநர் அம்மா ஒரு பெரிய சொம்பை அவர் கையில் திணித்தார். அவர் குடித்து முடிப்பதற்குள் அறையில் ஆளில்லை. அரங்கத்துக்கு இடம் பிடிக்கப் போய்விட்டிருந்தார்.

வீட்டில் மனைவியிடம் புலம்பினார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த பாடகரும் சாகலையா?" என்றாள்.

"அவரு பொறக்கவே இல்லடி!"

"பாவம். அதனாலதான் அந்தக் குரல்ல அவ்வளவு சோகம்," என்றாள் மனைவி.

கச்சேரி நாள் வந்தது. அரங்கம் பிதுங்கியது. முன்வரிசை நடுவில் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் மூன்று கிழவர்களும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், நீ பாடத்தானே போற, நின்னா என்ன?"

"செத்தவனை நிக்க வைக்கறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

கணீர் அவர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டார். "ஐயா, ஒரு பாட்டாவது உங்களுக்கு உண்மையிலேயே வாசிக்க வருமா?"

கீபோர்டுக்காரர் அவர் தோளில் தட்டினார். "கறுப்புக் கட்டை எது, வெள்ளைக் கட்டை எதுன்னு நல்லாவே தெரியும். கவலைப்படாதீங்க."

திரை விலகியது. டிரம்மர் ஒரு கணக்கில் அடித்தார், கீபோர்டுக்காரர் வேறொரு கணக்கில் போனார். பாடகருக்குப் பாட்டின் வரிகளே இல்லாததால் கண்களை மூடி "ஆ" என்று ஆரம்பித்தார். மூச்சு முட்டியபோது "ஓ" என்று மாற்றிக்கொண்டார். டிரம்மர் ஒரு கொசுவை மூன்று தடவை தவறவிட்டு நான்காவது தடவை கன்னத்தில் அறைந்துகொண்டார்.

"ஏழு தட்டுலேருந்து பதினொண்ணுக்குத் தாவிட்டாங்க!" என்று பின்வரிசையில் பல் மருத்துவர் விம்மினார்.

கணீர் மேடையோரத்தில் நின்று விழித்தார். ஜனங்கள் ரசித்துக்கொண்டிருந்தார்கள். தலைகள் ஆடின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தாளத்துக்கு.

பிறகு கீபோர்டுக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கினார். அரங்கத்தில் எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது: "குளிக்கப் போ!" இன்னொரு குரல் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கூரையே அதிர்ந்தது. "குளிக்கப் போ! குளிக்கப் போ!"

டிரம்மர் எழுந்தார். குச்சிகளைக் கீழே வைத்தார். கழுத்தில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக வெளியே நடந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

வாசிப்பு தொடர்ந்தது. தொடர்ந்துகொண்டே இருந்தது. டிரம்மர் திரும்பி வருவதாகக் காணோம். கீபோர்டுக்காரருக்குத் தெரிந்த கட்டைகள் எல்லாம் தீர்ந்து, முழங்கையால் வாசிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். "அவனை எங்கேருந்தாவது இழுத்துட்டு வாங்க சார்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கணீரிடம் சீறினார்.

கணீர் ஓடினார். ஒப்பனை அறை சோபாவில் டிரம்மர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கினார், எழவில்லை. பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தார். டிரம்மர் அலறிக்கொண்டு எழுந்து, தொப்பலாக மேடைக்கு ஓடினார்.

சொட்டச் சொட்ட நின்ற அவரைப் பார்த்ததும் "நிஜமாவே குளிச்சிட்டு வந்துட்டார்!" என்று யாரோ கத்த, கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முதலாளி கைக்குட்டையால் கண்களை ஒற்றியபடி மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"இதுதான் உண்மையான கலை! மதிய நிகழ்ச்சி இனிமே ரெண்டு மணி நேரம். வாரா வாரம் நம்ம ஊர்ல மறந்துபோன ஒரு பேண்டைக் கணீர் தேடிக் கண்டுபிடிச்சு, இதே மேடையில ஏத்துவார்!"

வாரா வாரமா? கூட்டம் கலைந்ததும் கணீர் மேடைக்குப் பின்னால் இயக்குநர் அம்மாவை வழிமறித்தார்.

"மேடம், இன்னிக்கு நீங்க அண்டா நிறையத் தண்ணி குடுத்தாலும் குடிக்க மாட்டேன். ஊதாக் குடைன்னு ஒரு பேண்டே கிடையாது. வாயில வந்ததைச் சொன்னேன். இவங்க மூணு பேரும் யாருன்னே எனக்குத் தெரியாது. வேலையை விட்டு அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க, வாரா வாரம் என்னால முடியாது!"

சொல்லி முடித்ததும் அவருக்கே அழுகை வந்துவிட்டது. இயக்குநர் அம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒரு மடிப்பு அசைந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் வேன் டிரைவர் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"மேடம், உங்க அப்பா, சித்தப்பா, தாய்மாமா மூணு பேரையும் வேன்ல ஏத்திட்டேன், அடுத்த வாரம் சார் வேற எந்த பேண்டைக் கிளப்பினாலும் சொல்லுங்க, எங்க மாமனாரும் வீட்ல சும்மாதான் உக்காந்திருக்காரு."